ஏழாவது ஆட்டத்துக்கு ஐந்து பேர்

மார்ச் 9

தம்பிக்கு,

போனில் திட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நீ போட்ட சட்டத்தால் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கூடைப்பந்து இறுதித் தொடர் முடியும்வரை ஆட்டக்காரர்களின் போன் எல்லாம் மேலாளர் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், பயிற்சியாளனான என் போனும் சேர்த்துத்தான் என்று நீ பேட்டி கொடுத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எரிச்சலாக இருக்கிறது.

நேற்று மூன்றாவது ஆட்டத்தை நானும் பாப்பாவும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டாவது கால்பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உன் அத்தானைக் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டாய். மூச்சு வாங்கட்டும் என்று கூப்பிடுகிறாய்போல என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் பக்கம் நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த அணியில் கூடைக்கு அடியில் நின்று இடியும் உதையும் வாங்கிய மனுஷன். ஊரே ‘ஏணி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிற ஆள். வீட்டுப்பாடம் செய்யாத பையனை மூலையில் உட்கார வைக்கிற மாதிரி உட்கார வைத்துவிட்டாய். அவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தார். கேமராக்காரனுக்கு வேறு வேலை இல்லை, அதையே திரும்பத் திரும்பக் காட்டினான். “ஏணிக்குக் கோவம் போல” என்று வர்ணனையாளர் சிரித்தார்.

“மாமா ஏம்மா அப்பாவ ஆட விடல?” என்று பாப்பா கேட்டாள். “மாமாவையே கேளு” என்றேன். வேறென்ன சொல்ல.

அவருக்கு இதுதான் கடைசி வருடம் என்று உனக்குத் தெரியும். இந்த வயதுக்கு மேல் எந்த அணியும் ஒப்பந்தம் போடாது. ஒரே ஒரு தடவை கோப்பையைக் கையில் தூக்கிவிட்டு ஆட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னைப் பயிற்சியாளராகப் போடலாமா என்று முதலாளி யோசித்தபோது, “மச்சான்ங்கறதுக்காகச் சொல்லல, அவனுக்கு ஆட்டம் தெரியும்” என்று உனக்காகப் போய் நின்றவரும் அவர்தான். அதையெல்லாம் நீ மறந்திருக்க மாட்டாய்.

ஏழு ஆட்டத் தொடரில் ஒன்றை ஜெயித்து இரண்டைத் தோற்றிருக்கிறீர்கள். நான்காவது ஆட்டத்தில் அவரை முதல் ஐந்து பேரில் இறக்கு. முடியாது என்றால் காரணத்தை எழுது. கல்லூரி அணியில் நான் ஆடும்போது நீ கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக்கொண்டிருந்தவன். எனக்குப் புரியாது என்று நினைக்காதே.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கூரியர் காலையில் வந்தது. காரணம் கேட்டாய். அத்தான் மனைவிக்கு எழுத மாட்டேன், ஆட்டம் தெரிந்தவளுக்கு எழுதுகிறேன்.

முதல் ஆட்டத்தை அத்தான்தான் ஜெயித்துக் கொடுத்தார். கூடைக்குக் கீழே அவர் நின்றால் ஒருத்தன் உள்ளே வர முடியவில்லை. எதிரணிப் பயிற்சியாளர், அந்தக் கண்ணாடிக்காரர், சும்மா இருப்பாரா? இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய உயரமான ஆளை வெளியே கொண்டுபோய் மூன்று புள்ளிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார். பையன்கள் அவனைக் கொக்கு என்கிறார்கள். அவன் அங்கிருந்தே பந்தைக் கூடைக்குள் போடுகிறான். அவனைத் தடுக்க அத்தான் வெளியே ஓடினால் கூடை காலியாகிவிடுகிறது. ஓடாவிட்டால் மூன்று புள்ளி போகிறது. அப்படித்தான் அந்த ஆட்டத்தைத் தோற்றோம்.

அதற்காக மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கொக்கு மற்ற இடங்களில் நின்றால் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அத்தானுக்கு இடது கைப் பக்கம் வந்து நின்றால் மட்டும் அத்தான் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. ஓட்டல் மாடியில் நாற்காலிகளைப் போட்டு நடந்தே காட்டினேன். சரி சரி என்று தலையாட்டினார். ஆட்டத்தில் கொக்கு அந்தப் பக்கம் மூன்று தடவை வந்து நின்றான். மூன்று தடவையும் அத்தான் அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. கடைசித் தடவை கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவன் நிதானமாகக் குறி பார்த்துப் போட்டான்.

அது வயது இல்லை, அக்கா. வயதானவர் தாமதமாகப் போவார். இவர் போகவே இல்லை. முந்தின நாள் கூட்டத்தில், “கூடைய விட்டு என்ன வெளிய அனுப்பாத மச்சான், காலம் பூரா அங்கதான் நின்னுருக்கேன்” என்றார். “மச்சான்லாம் வீட்டுல, இங்க நான் சொல்றதக் கேளுங்க” என்றேன். பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் அப்படிச் சொன்னது தப்புதான். அதற்குப் பதிலை அரங்கம் நிறைய ஜனங்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நாளை அவரை முதல் ஐந்தில் இறக்கப்போவதில்லை. உயரம் குறைந்த ஐந்து பேர், எல்லாரும் ஓடுகிற ஆட்கள். ‘வால்’ என்று ஒரு துடுக்கான பையன் இருக்கிறானே, கொக்கின் கண்ணில் விரலை விட்டு ஆட்ட அவன் போதும். இந்த ஏற்பாட்டில் அத்தானுக்கு இடமில்லை. நீ தலைகீழாக நின்றாலும் மாற்ற மாட்டேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். இரண்டுக்கு இரண்டு. மனசார வாழ்த்துகிறேன், எழுதும்போது கொஞ்சம் கசக்கிறது. அந்த வால் பையன் நன்றாக ஆடினான். கொக்கு பந்தை வாங்குவதற்கு முன்பே போய் முகத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறான். உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று கேட்கிறேன். மூன்று தடவையும் அவருக்கு இடது கைப் பக்கமா? ஒரு தடவையாவது வலது பக்கம் தவறவிட்டாரா? கோபத்தில் எழுதாமல் யோசித்து எழுது. ஆட்டத்தின் பதிவு உன்னிடம் இருக்கும், போட்டுப் பார்.

இன்னொன்று. இரண்டாவது ஆட்டத்தில் கொக்கின் முழங்கை பட்டுத் தரையில் விழுந்தாரே, அணி மருத்துவர் சரியாகப் பார்த்தாரா? அதற்கு மறுநாள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாய், இங்கே வந்திருந்தார். வந்தவர் தூங்கிக்கொண்டே இருந்தார். களைப்பு என்றார்.

சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டுதான் இப்போதும் உட்கார்ந்திருந்தார். உங்கள் இருவருக்கும் பேச்சு இல்லையென்றால் மேலாளரையாவது போய்ப் பக்கத்தில் உட்காரச் சொல்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. நம் டிரைவிங் ஸ்கூலில் இந்த மாதம் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பிரேக்கில் கால் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக் காரின் இடது பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றினேன். பாப்பா உன்னோடு சண்டை என்கிறாள். ஆனால் நீ ஜெயித்ததும் சோபாவில் ஏறிக் குதித்தாள்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றுக்கு இரண்டு. இன்னும் ஒன்றுதான். நம் அரங்கத்தில் ஆடியது பையன்களுக்கு இறக்கை கட்டிவிட்ட மாதிரி இருந்தது. நீ வருவாய் என்று வரிசை வரிசையாகத் தேடினேன். வரவில்லை.

பதிவைப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் இடது கைப் பக்கம்தான். வலது பக்கம் வந்த ஒருத்தனையும் விடவில்லை, அந்தப் பக்கம் பழைய அத்தான்தான். அதனால்தான் சொல்கிறேன், உடம்பு முடியாமல் விட்டதில்லை. நான் எந்தப் பக்கம் போகச் சொன்னேனோ அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. நீ எதற்கு இதைத் துருவுகிறாய் என்று தெரியவில்லை.

விழுந்த அன்றைக்கே மருத்துவர் கேட்டார். “என் மண்ட கெட்டி டாக்டர், தரைக்குத்தான் வலிச்சிருக்கும்” என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே.

சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. தட்டை அறைக்கு எடுத்துப் போகிறார். நேற்று முன்தினம் பேருந்தில் வாந்தி எடுத்தார், பேருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பன்னிரண்டு வருடமாக ஒத்துக்கொண்ட பேருந்து. ஆட்டப் பதிவு போடும்போது அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்காருகிறார். “ஏணி அண்ணன் சினிமா நடிகர் ஆயிட்டாரு” என்று வால் கிண்டல் செய்தான். அத்தான் சிரிக்கவில்லை.

நேற்றைய ஆட்டத்தின் கடைசியில் நாம் நன்றாக முன்னால் இருந்தோம். ஜனங்கள் ‘ஏணி, ஏணி’ என்று கத்த ஆரம்பித்தார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. போங்க அத்தான் என்றேன். எழுந்தார், ஆள் மாறுவதை அதிகாரிகள் மேசையில் போய்ச் சொல்லாமல், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நேராக உள்ளே நடந்தார். நடுவர் ஊதி நிறுத்தி, எங்கள் மேல் தப்பு போட்டார். நேற்றுச் சேர்ந்த பையன்கூட அப்படிச் செய்ய மாட்டான். என்னை அவமானப்படுத்த இவ்வளவு தூரம் போவாரா என்று ஆத்திரமாக வந்தது. கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. கடைசிக் கால்பகுதியில் கண்ணாடிக்காரர் கொக்குக்குத் துணையாக இன்னொரு உயரமானவனையும் இறக்கிப் பார்த்தார். சும்மா ஒத்திகை. நம் குள்ளர்களின் தலைக்கு மேல் இரண்டு பேரும் பந்தைப் பொறுக்கினார்கள். ஆறாவது ஆட்டத்தை அப்படியே தொடங்குவார் என்று நினைக்கிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

நீங்கள் கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூல் பையில் வைத்து ஓட்டலில் நானே கொடுத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வரவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் அவரை இறக்காதே. இரண்டு நிமிடத்துக்குக்கூட வேண்டாம். முதலில் இறக்கச் சொன்னவளும் நான்தான், தெரியும். இப்போது வேண்டாம் என்கிறேன். காரணம் கேட்காதே, என்னால் சொல்ல முடியாது. சின்னப் பையன்களே நன்றாக ஆடுகிறார்கள், அவர்களே ஆடி முடிக்கட்டும்.

அவரை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டு. வயிற்றுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போ. அங்கே போனபிறகு மருத்துவர் எல்லாவற்றையும் பார்க்கட்டும். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்திருப்பாய். பயந்த மாதிரியே நடந்தது. இரண்டு உயரமானவர்களையும் முதலிலிருந்தே இறக்கினார். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் அவர்களுக்கே போனது. வால் எம்பி எம்பிக் குதித்தான். பாவம், அவர்களுடைய தோளைத்தான் எட்ட முடிந்தது. மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் நாளை மறுநாள் நம் அரங்கத்தில்.

நேற்று ஆட்டம் முடிந்து ஊர் திரும்பியதும் அத்தான் அறைக்குப் போனேன். திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். “அத்தான், நீங்க இல்லாம என்னால முடியாது. தப்பா நடந்துக்கிட்டேன்” என்றேன். எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். ரொம்ப நேரம் விடவில்லை. “ஒரு ஆட்டம்டா மச்சான். ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் பரவால்ல” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் தாங்கவில்லை.

ஏழாவது ஆட்டத்தின் ஐந்து பேரில் அவர் பெயரை முதலில் எழுதிவிட்டேன். இந்தத் தடவை அவர் எங்கும் ஓட வேண்டாம். கூடைக்கு அடியிலேயே நிற்கட்டும். மற்ற நான்கு பேரும் வெளியே சங்கிலி மாதிரி நின்று கொக்கைப் பார்த்துக்கொள்வார்கள். திரும்பி வரும் பந்தை எடுப்பது மட்டும் அவர் வேலை. உள்ளே தள்ளுமுள்ளு பலமாக இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து அவரை இடிப்பார்கள். ஆனால் அதைத் தாங்க நாட்டில் அவரை விட்டால் ஆளில்லை. இந்த ஏற்பாட்டை நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஜெயிக்கிறது, அக்கா.

மருத்துவரிடம் காட்டினேன். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். வேறு எதையும் பார்க்க அத்தான் விடவில்லை.

முதலில் இறக்கு என்றாய், பிறகு இறக்காதே என்றாய். வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள் இப்படி ஒடித்து ஒடித்துத் திருப்பலாமா? உனக்கும் பாப்பாவுக்கும் மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலி எடுத்து வைத்திருக்கிறேன். சண்டையை ஒருநாள் தள்ளி வைத்துவிட்டு வா.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

மேலாளருக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொல்லலாம். அவர் வாய் ஓட்டை வாய், ஆட்டத்துக்கு முன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஓட்டலுக்குள் வந்து உன்னைத் தேடினால் உன் அத்தான் என்னைப் பார்த்துவிடுவார், முகத்தைப் பார்த்ததுமே என்ன சொல்ல வந்தேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் காலையில் வரவேற்பறையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

இரண்டாவது ஆட்டத்துக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தாரே, அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிவரக் காரை எடுத்தார். எங்கள் வாசல் கேட் எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் உரசாமல் எடுக்கிற ஆள். இடது பக்கத்தை அப்படியே தூணில் கொண்டுபோய் உரசினார். கண்ணாடி உடைந்து தொங்கியது. இறங்கிவந்து, “தூணு எங்கருந்து வந்துச்சு?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அந்தத் தூண் அவருக்குத் தெரியவில்லை.

வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள் நான். எந்தப் பக்கம் ஒருத்தர் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் கவனித்தேன். மேசையில் இடது பக்கம் வைத்த கிண்ணத்தைத் தொடவே இல்லை. தலை வலிக்கிறது என்று விளக்கை அணைக்கச் சொன்னார். பாப்பாவிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். மருத்துவரிடம் போகலாம் என்றேன். பெரிய சண்டை. விழுந்ததுதான், இரண்டு நாளில் சரியாகிவிடும், அணிக்குத் தெரிந்தால் தொடர் முழுக்க வெளியே உட்கார வைத்துவிடுவார்கள், பன்னிரண்டு வருடம் வீணாகிவிடும் என்றார். கடைசியில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பாப்பா மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். குறிப்பாக உன்னிடம்.

நீ அவரை உட்கார வைத்த அன்றைக்கு உன்னைத் திட்டி எழுதினேன் இல்லையா, அதில் இருந்த கோபம் பொய் இல்லை. ஆனால் கடிதத்தை ஒட்டிவிட்டு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். உட்கார்ந்திருந்தால் இடி படாது. அவர் ஆசையும் போகக்கூடாது, அவருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நின்றுவிட்டேன். உன் முதல் கடிதத்தில் ‘இடது கைப் பக்கம்’ என்று படித்ததும் அந்தத் தூண்தான் ஞாபகம் வந்தது. பேருந்தில் வாந்தி என்றாய், கறுப்புக் கண்ணாடி என்றாய், மேசைக்குப் போகாமல் உள்ளே நடந்தார் என்றாய். உன்னை அவமானப்படுத்த எதுவும் செய்யவில்லை, தம்பி. அவரால் முடியவில்லை.

இப்போது இரண்டு பேர் சேர்ந்து இடிக்கிற இடத்தில் அவரை நிறுத்தப்போகிறாய். அவர் தாங்குவார் என்று எழுதியிருக்கிறாய்.

நிறுத்தாதே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. கோப்பை போனால் போகட்டும். சத்தியத்தை மீறினதால் பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது, அந்தப் பயத்தோடேதான் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

போன் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. உன் பெயர்வரை போய்ப் போய் வந்தேன். நடந்ததை வாயால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

வரவேற்பறைப் பெண் உன் கடிதத்தைக் கொடுத்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. முதல் கால்பகுதி மட்டும் ஆடட்டும் என்று நினைத்தேன். அக்கா பயந்தவள், பெரிதாக்குகிறாள் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கேட்டது, நான் போட்ட ஏற்பாடு, கோப்பை எல்லாம் மாறி மாறி மண்டைக்குள் ஓடியது. கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் பெயரோடுதான் ஐந்து பேரின் பெயரையும் அரங்கத்தில் கொடுத்தேன். இது உனக்குத் தெரிய வேண்டும்.

உடை மாற்றும் அறையில் ஆட்டத் திட்டத்தைப் பலகையில் காட்டினேன். ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு, அவனவனைக் குறிக்கும் காந்த வில்லையை அவனவன் இடத்தில் வைக்கச் சொன்னேன். அத்தான் முறை வந்தது. அவருடைய சிவப்புக் காந்தம் பலகையின் இடது ஓரத்தில்தான் இருந்தது. அவர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். “என்னுதக் காணோமே, யார்ரா எடுத்தது?” என்றார். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். வால் அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, “ஏணி அண்ணன் இன்னிக்கு நல்ல மூடுல இருக்காரு” என்றான். அத்தானும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் காந்தத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

நடைபாதைக்குக் கூட்டிப்போனேன்.

“அத்தான், இன்னிக்கு நீங்க ஆடல.”

“விளையாடாத மச்சான்.”

“உங்களுக்கு இடது பக்கம் தெரியல. டாக்டர் வெளிய நிக்கறாரு, ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“அவ சொன்னாளா?” என்று கேட்டார்.

“அக்காவா? அவ என்கூடப் பேசியே ரொம்ப நாளாச்சு. நானாத்தான் கண்டுபிடிச்சேன். மூணாவது ஆட்டத்துலயே.”

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் என்ன உக்கார வச்சு, ஊரே சிரிக்கறத வேடிக்க பாத்தியா? அன்னிக்கு ரூமுக்கு வந்து தப்புன்னு சொன்னதும் நடிப்பா?”

வெளியே நின்ற மருத்துவரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அத்தான் ஆட்டச் சட்டையைக் கழற்றினார். அதை என் காலடியில் போட்டுவிட்டு மருத்துவரோடு நடந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே போனார்.

அத்தான் இல்லாமல் அணி உள்ளே வந்ததும், மூன்றாவது வரிசையில் நீயும் பாப்பாவும் எழுந்து வெளியே ஓடியதைப் பார்த்தேன். அவருக்குப் பதிலாக இன்னொரு குள்ளனை இறக்கினேன். பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசியில் கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை வால் தலைக்கு மேல் கொக்கு எடுத்தான். அத்தான் நின்றிருந்தால் அது அவர் கைக்குத்தான் வந்திருக்கும். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஏணியை ஏன் இறக்கவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் முடிவு என்றேன். முதலாளி அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு உண்மையைச் சொல்லிவிடாதே. என்மேல் கோபமாக இருக்கட்டும், நான் வேறு வீட்டில் இருப்பவன். நீ அவரோடு காலம் தள்ள வேண்டியவள்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

இன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ தினமும் மருத்துவரைக் கூப்பிட்டு விசாரித்ததாக அவர் சொன்னார். ஆனாலும் என் வாயால் சொல்கிறேன். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மெல்ல மெல்ல ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. அன்றைக்கே துளை போட்டு எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தில் இன்னொரு இடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதை எதற்கு இப்போது கேட்கிறீர்கள் என்றார் மருத்துவர். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. இனி ஆட முடியாது.

உன் அத்தான் பேச ஆரம்பித்ததும் உன்னைப் பற்றித்தான் பேசினார். “அவன் பேர இந்த வீட்டுல எடுக்காத” என்றார். “எதிரிகூட அப்படிச் செய்ய மாட்டான். தெரிஞ்சே உக்கார வச்சு வேடிக்க பாத்தான்.” நான் தலையணையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். நீ சொல்லாதே என்று எழுதியது ஞாபகத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டு நாள் அந்த வசதியில் இருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். உன் அத்தான்தான் வரச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பயிற்சியாளருக்கு மூன்றாவது ஆட்டத்திலேயே தெரியும், மறைத்தார் என்று சொல்லப்போகிறேன் என்றார். அது அச்சில் வந்தால் உன்னை எந்த அணியும் வாசலில்கூட நிற்க விடாது. பத்திரிகைக்காரரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆட்டத்தன்னிக்குக் காலையில நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்றேன்.

என்னைப் பார்த்தார். “பாப்பா மேல சத்தியம் பண்ணுன” என்றார்.

“பண்ணுனேன்.”

“என் ஆட்டத்த நீதான் எடுத்தியா?”

“ஆமா” என்றேன்.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பத்திரிகைக்காரரைப் போகச் சொல் என்று நர்ஸிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அதிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. வேண்டியதையெல்லாம் பாப்பா மூலமாகக் கேட்கிறார். “அம்மாகிட்ட மாத்திர கேளு” என்கிறார், நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். கார் வீட்டுக்குள் நுழையும்போது எப்போதும் என்னைக் கிண்டல் செய்வார், இன்றைக்கு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். எத்தனை நாளோ, எத்தனை வருடமோ தெரியாது. கோபத்தை விடுகிற ஆள் இல்லை.

சாயங்காலம் பாப்பாவிடம், “மாமாவ வரச் சொல்லு. அந்தக் கடைசிப் பந்து எப்படிப் போச்சுன்னு கேக்கணும்” என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். அவர் உன்னைத்தான் கேட்கிறார். வா. எதையும் மறைக்காமல் சொல். பெயரைக் கொடுத்தது, காந்தத்தைத் தேடியது எல்லாவற்றையும் சொல். என்னை நடுவில் வைத்துப் பேச வேண்டாம், எனக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம்.

நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் எழுதிக் கொடுப்பேன், அதுவும் இத்தனை நாள் காத்திருக்காமல். அடுத்த அறையில் பாப்பாவோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார், குரல் கேட்கிறது. என்னோடு பேசாவிட்டால் போகட்டும். அவர் பேசுவது கேட்டால் எனக்குப் போதும்.

அக்கா